வெளிநாடு வாழ் தமிழர்களின் சாதனைகள் – பட்டியலில் விட்டுப்போனவர்கள்



போன மாதம் எங்கள் கல்லூரியில் ஒரு பேச்சுப் போட்டி. தலைப்பு: "வெளிநாடு வாழ் தமிழர்களின் சாதனைகள்". மொத்தம் பதினொரு பேர் பேசினோம். பதினொரு பேரும் சுந்தர் பிச்சையில் ஆரம்பித்து, இந்திரா நூயி வழியாகப் போய், வெங்கி ராமகிருஷ்ணனில் முடித்தோம். ஏழாவதாகப் பேசிய நானும் அதே பாதையில்தான் போனேன். பரிசு எட்டாவதாகப் பேசிய பெண்ணுக்குப் போனது. அவர் கமலா ஹாரிஸையும் துளசேந்திரபுரத்தையும் சேர்த்திருந்தார் :)

அன்று சாயங்காலம் தாயில்பட்டிக்குத் திரும்பி வந்து பாட்டியிடம் கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பாட்டி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஏய்யா, கண்டிக்குப் போனாகளே ஒங்க தாத்தாவோட அண்ணன், அவுக பேரைச் சொன்னியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவர் தேயிலைத் தோட்டத்துல கூலி வேலை பார்த்தவர் பாட்டி. அதுல என்ன சாதனை?" என்றேன். பாட்டி பதில் சொல்லவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டாள். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எனக்கே உறுத்த ஆரம்பித்தது. ஒரு மாதமாக நூலகத்தில் தேடித் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பெரிய பெயர்களைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1930ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியபோது வயது 19. நட்சத்திரங்கள் எப்படி இறக்கின்றன என்பதற்கான கணக்கை அந்தக் கப்பல் பயணத்திலேயே போட்டுப் பார்த்தார். 1935ல் எடிங்டன் என்ற மாபெரும் விஞ்ஞானி அதைச் சபையில் வைத்தே கேலி செய்தார். அந்தக் கணக்கு சரி என்று உலகம் ஒப்புக்கொண்டு நோபல் பரிசு கொடுத்தது 1983ல்! இதைப் படித்தால் யாருக்கும் மெய்சிலிர்க்கும். இந்த மாதிரிப் பட்டியல் எல்லா நாட்டுக்காரர்களிடமும் இருக்கிறது. நைஜீரியர்கள் போட்டால் அதில் 2021ல் உலக வர்த்தக அமைப்பின் தலைவரான ஒகோஞ்சோ இவேலாவின் பெயர் இருக்கும்.

நம் ஊர்ப் பக்கமே பாருங்கள். 1922ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய், மாதக்கணக்கில் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். இன்று இந்த வட்டாரமே அந்தப் பயணத்தால் சாப்பிடுகிறது. வெளியே போனான், கற்றான், ஜெயித்தான், திரும்பினான். இந்த வகைச் சாதனை நமக்கு உடனே புரிகிறது. திரும்பி வர முடியாமல் போனவர்களின் சாதனைதான் கண்ணில் படுவதில்லை.

அவர்கள் யார்? 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ்காரர்கள் அடிமை முறையை ஒழித்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அதற்காகக் கண்டுபிடித்ததுதான் ஒப்பந்தக் கூலி முறை. சஞ்சிக்கூலி என்றும் சொல்வார்கள். மொரீஷியஸ், நேட்டால், பிஜி என்று கப்பல் கப்பலாகப் போனார்கள். இலங்கைக்கும் மலேயாவுக்கும் பெரும்பாலும் கங்காணிகள் மூலம் போனார்கள். கங்காணி ஊருக்கு வருவார், முன்பணம் கொடுப்பார், ஆள் கூட்டிப் போவார். அந்த முன்பணமே கால் கட்டு. இலங்கையில் தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அது இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. 1921ல்தான் அதை ஒழித்தார்கள். (தீபாவளிச் செலவுக்கு முன்பணம் வாங்கிவிட்டு வருஷம் முழுக்கக் கழிக்கும் வீடுகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.) 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணமே செத்துக்கொண்டிருந்தபோது, கப்பல் ஏறியவர்களை யார் என்ன சொல்ல முடியும்?

இனி தென்னாப்பிரிக்கா. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேருடன் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்றிலிருந்து 1911 வரை போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணத்துக்காரர்கள். ஐந்து வருட ஒப்பந்தம், முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங் சம்பளம். ஒப்பந்தம் முடிந்தும் ஊருக்குத் திரும்பாமல் சொந்தமாக விவசாயமோ வியாபாரமோ செய்தால் அது வெள்ளைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. 1895ல் ஒரு சட்டம் வந்தது. ஒன்று திரும்பிப் போ, அல்லது மறுபடி ஒப்பந்தத்தில் சேர், இரண்டும் இல்லை என்றால் வருடம் மூன்று பவுண்டு வரி கட்டு. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் என்றால் பன்னிரண்டு பவுண்டு. பத்துப் பதினைந்து ஷில்லிங் மாதச் சம்பளக்காரன் அதற்கு எங்கே போவான்? (ஒரு பவுண்டுக்கு இருபது ஷில்லிங். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.)

அதற்கு முந்தின வருடம், 1894ல், பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி ஒருவர் டர்பனில் ஓர் இளம் வக்கீலின் அலுவலகத்துக்கு வந்தார். முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். வெள்ளைக்காரனைப் பார்க்கப் போகும்போது கூலிகள் அப்படித்தான் போக வேண்டும். எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்களே, அதே கதைதான். தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்ன அந்த வக்கீல் காந்தி. வழக்கு நடத்தி வேறு முதலாளியிடம் பாலசுந்தரத்தை மாற்றிவிட்டார். செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. இதைக் காந்தியின் பெருமையாகவே படித்திருக்கிறோம். உடைந்த பல்லோடு, முதலாளியை எதிர்த்து ஒரு வக்கீலைத் தேடி நடந்து வந்த அந்தக் கூலியின் துணிச்சல் யாருடைய பெருமை? அவர் வராவிட்டால் அந்த வழக்கே இல்லை.

பிறகு 1913. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று அந்த வருடம் மார்ச் மாதம் ஒரு நீதிபதி தீர்ப்புச் சொல்லிவிட்டார். வரியும் ரத்தாகவில்லை. அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து பதினொரு பெண்கள் எல்லையைத் தாண்டி நேட்டாலில் உள்ள நியூகாசில் என்ற நிலக்கரிச் சுரங்க ஊருக்குப் போனார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழ்ப் பெண்கள். சிலர் கைக்குழந்தையோடு போனார்கள். சுரங்கத் தொழிலாளிகளிடம் பேசினார்கள், வேலையை நிறுத்தச் சொன்னார்கள். ஆச்சரியம் என்னவென்றால், நின்றுவிட்டது! பெண்களுக்கு மூன்று மாதம் சிறை. வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. நவம்பர் 6 அன்று எல்லையைத் தாண்டி நடந்தவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். இதில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த வருடம் டிசம்பரில் சிறைக்குப் போனவர்தான் நம் தில்லையாடி வள்ளியம்மை. 1898ல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். தில்லையாடி அவருடைய அம்மாவின் ஊர். வள்ளியம்மை அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. சிறையில் கடும் காய்ச்சல். 1914 பிப்ரவரியில் விடுதலையாகி வீட்டுக்கு வந்து, 22ஆம் தேதி இறந்துபோனார். வயது 16. சிறைக்குப் போனதற்காக வருந்துகிறாயா என்று காந்தி கேட்டபோது, இப்போது கைது செய்தாலும் மறுபடி போவேன் என்ற பொருளில் பதில் சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். அதே 1914ல் மூன்று பவுண்டு வரி ரத்தானது, நம் முறைத் திருமணங்களும் செல்லும் என்று சட்டம் வந்தது. 1915ல் காந்தி இந்தியா திரும்பியதும் தில்லையாடிக்குப் போய்விட்டு வந்தார். வள்ளியம்மையால் போக முடியாத ஊருக்கு!

இந்தப் போராட்டத்தில் இன்னொருவர் தம்பி நாயுடு. மொரீஷியஸில் பிறந்து, ஜோகன்னஸ்பர்க் தமிழ்ச் சங்கத்தை நடத்தியவர், சிறைக்குப் பல முறை போனவர். 'நாயுடு எப்படித் தமிழர்' என்று யாராவது பின்னூட்டத்தில் சண்டைக்கு வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரிசல் காட்டில் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழுமாக வாழ்கிறவர்கள் நிறையப் பேர், எங்களுக்கு இது குழப்பமே இல்லை. அவருடைய பேரன் இந்திரஸ் நாயுடு நிறவெறி அரசை எதிர்த்து, 1963லிருந்து பத்து வருடம் ராபன் தீவுச் சிறையில் இருந்தார். பேத்தி சாந்தி நாயுடு 1969ல் கைதாகி, வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்தவர். தாத்தா காலத்துச் சிறை பேரப்பிள்ளைகள் காலத்திலும் தொடர்ந்திருக்கிறது.

நவநீதம் பிள்ளை என்ற பெயரை எங்கள் போட்டியில் ஒருவர்கூடச் சொல்லவில்லை (நான் உட்பட). எனக்கு இதுதான் பெரிய வெட்கம். 1941ல் டர்பனில் ஒரு பஸ் டிரைவரின் மகளாகப் பிறந்தவர், கூலிகளாகப் போனவர்களின் வம்சம். அவர் வாழ்ந்த கிளேர்வுட் பகுதியின் ஏழை இந்தியர்கள் காசு சேர்த்துப் படிக்க உதவினார்கள். 1967ல் நேட்டாலில் சொந்தமாக வக்கீல் அலுவலகம் திறந்தார். வெள்ளையர் அல்லாத பெண்களில் அவர்தான் முதல் ஆள். ராபன் தீவுக் கைதிகள் வக்கீலைச் சந்திக்கும் உரிமையை 1973ல் வழக்குப் போட்டு வாங்கிக் கொடுத்தார். நிறவெறி முடிந்து 1995ல் உயர்நீதிமன்ற நீதிபதியானார். அதற்குப் பிறகுதான் உலகத்துக்கே தேவையான வேலை. ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. நீதிமன்றம் 1998ல் அகாயெசு வழக்கில் கொடுத்த தீர்ப்பு, பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலைக் குற்றமாகும் என்று முதன்முதலாக நிலைநாட்டியது. தீர்ப்பு எழுதிய மூன்று நீதிபதிகளில் இவர் ஒருவர், ஒரே பெண். 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்தார். ஒரு பெரிய கம்பெனியின் தலைவர் பதவி இதைவிடப் பெரிதா? எனக்குத் தோன்றவில்லை.

மொரீஷியஸ் பற்றி ஒரு சின்னத் தகவல். அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, தமிழ் எண்கள் உட்பட. 1998ல் புது நோட்டு அடித்தபோது தமிழையும் இந்தியையும் இடம் மாற்றிவிட்டார்கள். அங்குள்ள தமிழர்கள் எதிர்த்துக் கிளம்ப, அரசு அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றது. அங்கே பலருக்குத் தமிழ் பேச வராது. அப்படியும் விடவில்லை.

சரி, மலேயாவுக்கு வருவோம்.

1941ல் கிள்ளான் பகுதி ரப்பர் தோட்டங்களில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னால் நின்றவர் தமிழ் நேசன் பத்திரிகையில் வேலை பார்த்த ஆர்.எச்.நாதன். கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது, கள்ளுக்கடையை மூடச் சொன்னது இருந்தது. இன்னொன்றும் இருந்தது: துரை எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். படை வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, நாதனை நாடு கடத்தினார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடியே போவதற்கு உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது. பாலசுந்தரத்தின் தலைப்பாகை ஞாபகத்துக்கு வருகிறதா?

அடுத்த வருடமே ஜப்பான் ஆட்சி. சயாம்-பர்மா ரயில் பாதைக்குப் பிடித்துப் போன தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் காட்டிலேயே மாண்டார்கள். நேதாஜியின் படையில் ஜான்சி ராணிப் பிரிவு அமைந்தபோது, இந்தியாவைப் பார்த்தே இராத தோட்டத்துப் பெண்கள் பலர் அதில் துப்பாக்கி எடுத்தார்கள். போர் முடிந்த பின் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்த எஸ்.ஏ.கணபதி அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். துப்பாக்கி வைத்திருந்தார் என்று சொல்லி 1949 மே 4 அன்று புடு சிறையில் அவரைத் தூக்கில் போட்டார்கள். நேருவின் அரசு கேட்டுக்கொண்டும் பயன் இல்லை. அதற்கு முந்தின நாள்தான் அவருடைய தோழர் வீரசேனனைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள்.

இவ்வளவு இழப்புக்கு நடுவே, என்னை அசர வைத்த ஒரு சாதனை இருக்கிறது. மலாயா 1957ல் சுதந்திரம் அடைந்த சமயத்தில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். தோட்டத் தொழிலாளிக்கு லயத்து வீடும் தோட்டத்துக்காரருடையது. அதனால் வேலை போனால் அன்றைக்கே வீடும் போய்விடும். பிள்ளைகள் படிக்கும் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியும் போய்விடும்.

அப்போது மலேயா இந்தியர் காங்கிரஸின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தவர் வி.தி.சம்பந்தன். சுங்கை சிப்புட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவர் 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். யோசனை மிக எளிது. ஒரு பங்கு நூறு வெள்ளி. தொழிலாளி மாதம் பத்து வெள்ளி கட்டலாம். சேரும் பணத்தில் விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளிகளே வாங்கிவிட வேண்டியது. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் ஆள் சேர்த்தார். பால் வெட்டும் கூலியில் பத்து வெள்ளி என்பது சின்னத் தொகை இல்லை. சங்கம் தொடங்கிய மறு வருடமே, 1961ல், கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அதைத் தொடர்ந்து இன்னும் பல தோட்டங்கள். எந்த மரத்தில் கூலிக்குப் பால் வெட்டினார்களோ அந்த மரத்துக்கே பங்குதாரர் ஆனார்கள்.

எங்கள் வட்டாரத்தில் இதை யோசித்துப் பார்க்கிறேன். மருந்து செலுத்துகிறவர்களும் திரி சுற்றுகிறவர்களும் தீக்குச்சி அடுக்குகிறவர்களும் மாதம் கொஞ்சம் போட்டு ஓர் ஆலையை வாங்கினால் எப்படி இருக்கும்? சொன்னால் சிரிப்பார்கள். 1960ல் மலேயாவிலும் சிரித்திருப்பார்கள்.

மொழிக்குச் செய்தது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம், அதனால் ஓரிரு வரியில் விடுகிறேன். திருவாரூரிலிருந்து சிங்கப்பூர் போன கோ.சாரங்கபாணி 1935ல் தமிழ் முரசு தொடங்கினார். பிறகு மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலகம் அமைய, 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். சாதாரணத் தொழிலாளிகள் கொடுத்த காசும் அதில் உண்டு. யாழ்ப்பாணத் தீவுப் பகுதியின் ஊர்காவற்றுறையில் பிறந்த தனிநாயகம் அடிகள், நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோது தமிழை ஆழமாகக் கற்றவர். முதல் உலகத் தமிழ் மாநாட்டை 1966ல் கோலாலம்பூரில் நடத்திக் காட்டினார். சென்னை மாநாடு நடந்தது 1968ல். அக்கரைத் தமிழர்கள் நம்மை முந்திக்கொண்டார்கள்.

கடைசியாகக் கண்டிக்கு வருகிறேன். பாட்டியின் கேள்வி அங்கேதானே இருக்கிறது.

இலங்கையில் 1867ல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலைப் பயிர் தொடங்கியது. காப்பித் தோட்டங்கள் நோயில் அழிந்த பிறகு மலைநாடு முழுக்கத் தேயிலை ஆனது. காடழித்தது, பாதை போட்டது, கொழுந்து கிள்ளியது எல்லாம் நம் ஆட்கள், மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி ஜில்லாக்காரர்கள். (எங்கள் சாத்தூர், சிவகாசிப் பக்கம் 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது.) கோ.நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சியம்மையும் தோட்டங்களுக்குள் நுழையவே அனுமதி இல்லாத காலத்தில் தொழிற்சங்கம் கட்டினார்கள். 1947 பொதுத்தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றத்துக்குப் போனார்கள். சி.வி.வேலுப்பிள்ளை என்ற கவிஞரும் அதில் ஒருவர். லயத்தில் இருந்தவர்களின் ஓட்டு இவ்வளவு வலிமையா என்று கொழும்பு பயந்துவிட்டது. 1948ல் சட்டம் போட்டுக் குடியுரிமையைப் பறித்தார்கள், ஓட்டும் போனது. 1964ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்டு மந்தையைப் பிரிப்பது போலப் பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்! அந்த மனிதர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மிஞ்சியவர்கள் அங்கேயே சங்கம் வைத்து, தேர்தலில் பேரம் பேசி, ஒவ்வொரு படியாக உரிமையை மீட்டார்கள். நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை என்று சட்டம் வந்தது 2003ல். இடையில் ஐம்பத்தைந்து வருடம்.

தாத்தாவின் அண்ணன் திரும்பி வரவில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு கடிதமும் நின்றுவிட்டது என்று பாட்டி சொல்வாள். எங்கள் வீட்டுப் பின்கட்டு அவர் அனுப்பிய மணியார்டரில் கட்டியது என்பதை இப்போதுதான் சொன்னாள். அதுவும் நான் கேட்டதால்.

இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று ராத்திரி பாட்டியிடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். வள்ளியம்மை கதையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்து வெள்ளிக் கதையை இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். 2003 சட்டத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அவுக பிள்ளைக ஓட்டுப் போடுறாகளாய்யா?" என்று கேட்டாள்.

"இருந்தா போடுவாங்க பாட்டி" என்றேன்.